இஸ்ரேல் புறக்கணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் 60,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகக் காசா சுகாதார அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. இவற்றுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களிலும் தொழிற்சங்கங்களிலும் மட்டுமே பேசப்பட்டுவந்த புறக்கணிப்பு விவாதம் வீட்டு மளிகைப் பட்டியல் வரை வந்துவிட்டது. உறவினர்களும் நண்பர்களும் மாணவர்களும் மீண்டும் மீண்டும் கேட்ட ஐயங்களை, கூடியமட்டும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யாரையும் ஒரு பக்கம் சேர்ப்பது இதன் நோக்கமன்று. ஆனால் தவறான செய்தியைத் தவறு என்றும், என் கருத்தை என் கருத்து என்றும் சொல்லியிருக்கிறேன்.

பிடிஎஸ் பிடிஎஸ் என்கிறார்களே, அது கட்சியா, இயக்கமா? யார் நடத்துகிறார்கள்?

புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கம், தடைகள் ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர். பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள், அகதிகள் அமைப்புகள், பெண்கள் அமைப்புகள் உள்ளிட்ட 170க்கும் மேற்பட்ட குழுக்கள் சேர்ந்து 2005 ஜூலை 9 அன்று விடுத்த அறைகூவலிலிருந்து அது தொடங்குகிறது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மேற்குக் கரைக்குள் இஸ்ரேல் எழுப்பிவந்த தடுப்புச் சுவர் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கி அன்றோடு ஓராண்டு நிறைந்திருந்தது; சுவர் வேலையோ நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

மூன்று செயல்களுக்கும் செய்பவர்கள் வேறு வேறு. பொருள் வாங்காமலிருப்பது தனிமனிதரும் அமைப்புகளும் செய்யக்கூடியது. முதலீட்டை விலக்குவது ஓய்வூதிய நிதி, பல்கலைக்கழகம், திருச்சபை போன்ற பணம் வைத்திருக்கும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தடை விதிப்பது அரசுகளின் வேலை. பாலஸ்தீன பிடிஎஸ் தேசியக் குழு என்ற அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. ஓமர் பர்கூத்தி அதன் அறியப்பட்ட முகம். இயக்கத்துக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. எனவே யார் வேண்டுமானாலும் அதன் பெயரைச் சொல்லிப் பட்டியல் போட முடிகிறது. அதன் விளைவைப் பின்னால் பார்க்கலாம்.

2005க்கு முன்னால் யாரும் இஸ்ரேலைப் புறக்கணிக்கவில்லையா?

புறக்கணிப்பு இஸ்ரேலை விடப் பழையது. அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் 1945 டிசம்பரிலேயே, அதாவது இஸ்ரேல் என்ற நாடு உருவாவதற்கு முன்பே, பாலஸ்தீனத்திலிருந்த யூதர்களின் பொருள்களை வாங்கக் கூடாது என்று தீர்மானித்தது. பின்னர் டமாஸ்கஸில் இதற்கென ஒரு தலைமை அலுவலகமே இயங்கியது. இஸ்ரேலுடன் வணிகம் செய்யும் மூன்றாம் நாட்டு நிறுவனங்களும் கரும்பட்டியலில் ஏறின. கோகோ கோலா 1968 முதல் 1991 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. பெப்சியோ அரபுச் சந்தையை இழக்க மனமில்லாமல் 1990களின் தொடக்கம் வரை இஸ்ரேலுக்குள் போகவேயில்லை. எகிப்தும் ஜோர்டானும் அமைதி ஒப்பந்தங்களுக்குப் பின் விலகின. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஆகஸ்டில் தன் புறக்கணிப்புச் சட்டத்தை நீக்கியது.

அது அரசுகள் நடத்திய புறக்கணிப்பு. மக்கள் நடத்தியதும் உண்டு. இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீனர்களின் முதல் மக்கள் எழுச்சியான முதல் இன்டிஃபாதாவின்போது, 1989இல், பெத்லகேமுக்கு அருகிலுள்ள பெய்த் சாஹூர் என்ற சிற்றூரின் மக்கள் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்துக்கு வரி கட்ட மறுத்தார்கள். ராணுவம் வாரக்கணக்கில் ஊரைச் சுற்றி வளைத்து வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்தது. இன்றைய இயக்கம் தன் முன்னோடியாகச் சொல்லிக்கொள்வது டமாஸ்கஸ் அலுவலகத்தை அல்ல, இத்தகைய போராட்டங்களைத்தான். எதிர்ப்பாளர்களோ அரபு லீக்கின் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறார்கள்.

சரி, அவர்கள் கேட்பதுதான் என்ன?

மூன்று கோரிக்கைகள். ஒன்று, 1967இல் கைப்பற்றிய நிலங்களின் மீதான ஆக்கிரமிப்பை முடித்துச் சுவரை இடிக்க வேண்டும். இரண்டு, இஸ்ரேலின் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான அரபு பாலஸ்தீனர்களுக்கு முழுச் சமத்துவம் வேண்டும். மூன்று, 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 194ஆம் தீர்மானத்தின்படி அகதிகள் வீடு திரும்பும் உரிமை மதிக்கப்பட வேண்டும். ஒரே நாடா, இரண்டு நாடுகளா என்பதில் இயக்கம் அதிகாரபூர்வமாக எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை.

சண்டை உண்மையில் மூன்றாவதைப் பற்றியது என்பதே என் கணிப்பு. 1948 போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள் அல்லது தப்பியோடினார்கள். அவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமாக ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையிடம் இன்று பதிவு பெற்றிருப்பவர்கள் சுமார் 59 லட்சம். அவர்கள் திரும்பினால் இஸ்ரேலில் யூதர்கள் பெரும்பான்மையாக இருக்க மாட்டார்கள். ஆகவே இது நாட்டையே இல்லாமலாக்கும் கோரிக்கை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வீட்டை இழந்தவரின் உரிமையை இன்னொருவரின் மக்கள்தொகைக் கணக்குக்காக மறுக்க முடியாது என்பது ஆதரவாளர்களின் வாதம். கடையில் எதை வாங்குவது என்ற பேச்சு போல் தோன்றுகிற பல வாக்குவாதங்கள், சற்றுத் துருவினால், இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

குடியேற்றப் பொருள், இஸ்ரேல் பொருள் என்று பிரித்துச் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

1967 போருக்குப் பின் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் மேடு ஆகிய இடங்களில் இஸ்ரேல் தன் குடிமக்களுக்காக நிறுவிய ஊர்களே குடியேற்றங்கள். மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் சேர்த்து சுமார் ஏழு லட்சம் இஸ்ரேலியர்கள் அப்படி வாழ்கிறார்கள். உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை இவற்றைச் சட்டவிரோதமானவை என்றே கருதுகின்றன. இஸ்ரேல் அதை ஏற்பதில்லை. 2016 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2334ஆம் தீர்மானம், இஸ்ரேலின் எல்லைக்கும் 1967இல் ஆக்கிரமித்த பகுதிக்கும் இடையே வேறுபாடு காட்டுமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

இந்த வேறுபாடு வெறும் பேச்சன்று. குடியேற்றப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கச் சலுகை தருவதில்லை. பொருள் எந்த ஊரில் உற்பத்தியானது என்பதை அஞ்சல் குறியீட்டை வைத்துச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. அத்தகைய உணவுப் பொருள்களின் சீட்டில் வெறுமனே ‘இஸ்ரேல்’ என்று போடுவது போதாது, குடியேற்றத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. ரமலான் காலத்தில் பேரீச்சம்பழப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களை ஐரோப்பிய நகரங்களில் காணலாம்: ஜோர்டான் பள்ளத்தாக்கிலுள்ள குடியேற்றத் தோட்டங்களிலிருந்து மெஜூல் பேரீச்சை பெருமளவில் ஏற்றுமதியாகிறது.

பார்கோடு 729 என்று தொடங்கினால் இஸ்ரேல் பொருள்தானே?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த மூன்று இலக்கங்கள், பொருளுக்கு எண் வாங்கிய நிறுவனம் எந்த நாட்டுக் கிளையில் பதிவு செய்துகொண்டது என்பதைக் காட்டுமே தவிர, பொருள் எங்கே உற்பத்தியானது என்பதைக் காட்டாது. இஸ்ரேலில் விளைந்த பழம் வேறொரு நாட்டில் பொட்டலமிடப்பட்டு வேறு எண்ணுடன் வரலாம். மேற்குக் கரையின் பாலஸ்தீன உற்பத்தியாளர் ஒருவர் 729இல் தொடங்கும் எண்ணைப் பயன்படுத்தவும் கூடும். உற்பத்தி இடம் என்று சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதே மேல்.

ஸ்டார்பக்ஸ் யூதக் கம்பெனி, மெக்டொனால்ட்ஸ் ராணுவத்துக்குப் பணம் கொடுக்கிறது என்கிறார்கள். உண்மையா?

இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஸ்டார்பக்ஸுக்கு இஸ்ரேலில் 2003க்குப் பின் ஒரு கடைகூட இல்லை. 2023 அக்டோபரில் அதன் அமெரிக்கத் தொழிற்சங்கம் பாலஸ்தீனர்களுக்கு ஆதரவாக ஒரு பதிவு போட, நிறுவனம் தன் பெயரையும் சின்னத்தையும் சங்கம் பயன்படுத்துவதாக வழக்குத் தொடுத்தது, அதுதான் தீப்பொறி. பிடிஎஸ் தேசியக் குழுவின் இலக்குப் பட்டியலில் ஸ்டார்பக்ஸ் இல்லை. ஆனாலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் அதன் கடைகள் வெறிச்சோடின. மத்திய கிழக்கில் அந்தக் கடைகளை நடத்தும் குவைத் நிறுவனம் 2024 மார்ச்சில் சுமார் 2,000 ஊழியர்களை நீக்கியது. ஒரு நிறுவனத்தை ‘யூதக் கம்பெனி’ என்று சொல்லிப் புறக்கணிப்பது பிடிஎஸ் அறைகூவலிலேயே இல்லாதது. அது வேறு விஷயம், அசிங்கமான விஷயம்.

மெக்டொனால்ட்ஸ் கதை வேறு. இஸ்ரேலில் அதன் உரிமம் பெற்றிருந்த உள்ளூர் நிறுவனம் 2023 அக்டோபரில் ராணுவத்தினருக்கு இலவச உணவு கொடுத்தது. மற்ற நாடுகளின் உரிமதாரர்கள் தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கை விட நேர்ந்தது. தலைமை நிறுவனம் மத்திய கிழக்கில் விற்பனை பாதிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, 2024 ஏப்ரலில் இஸ்ரேலின் 225 கடைகளையும் அந்த உரிமதாரரிடமிருந்து தானே வாங்குவதாக அறிவித்தது. மலேசிய உரிமதாரர் அங்குள்ள பிடிஎஸ் கிளை மீது 60 லட்சம் ரிங்கிட் கேட்டு வழக்குப் போட்டுப் பிறகு திரும்பப் பெற்றார். இந்தப் புறக்கணிப்பைத் தொடங்கியது மேலிருந்து எந்தக் குழுவும் அல்ல. மக்கள் தாமாகத் தொடங்கியதை இயக்கம் பின்னால் அங்கீகரித்தது.

எனக்கு வந்த பட்டியலில் இருநூறு பிராண்டு இருக்கிறது. எல்லாவற்றையும் விட வேண்டுமா?

அந்த இயக்கமே அப்படிச் சொல்லவில்லை. சில இலக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, தொடர்பை ஐயத்துக்கிடமின்றி நிறுவி, நீண்ட காலம் அழுத்தம் கொடுப்பதே அதன் வழக்கம். இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்துக்குப் புரவலராக இருந்த பூமா இதற்கு எடுத்துக்காட்டு. குடியேற்ற அணிகளும் அந்தச் சங்கத்தின் போட்டிகளில் ஆடியதால் 2018 முதல் அதற்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று பூமா சொன்னது. வணிகக் காரணம் மட்டுமே என்றும் சேர்த்துக்கொண்டது.

அலைபேசியில் சுற்றும் நீண்ட பட்டியல்களில் பாதிக்கு ஆதாரமே இருப்பதில்லை. எதற்காக, என்ன செய்தால் புறக்கணிப்பு முடியும் என்று சொல்லாத பட்டியலால் எந்த நிறுவனத்தையும் மாற்ற முடியாது. அதை அனுப்பியவருக்குத் திருப்தி கிடைக்கும், அவ்வளவே. ஆதாரம் தேடுகிறவர்களுக்கு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தயாரித்த தரவுத்தளம் உண்டு. குடியேற்றங்களுடன் குறிப்பிட்ட வகையில் தொழில் தொடர்புடைய 112 நிறுவனங்களை அது 2020 பிப்ரவரியில் பெயர் குறிப்பிட்டு வெளியிட்டது. பிறகு திருத்தப்பட்டும் வருகிறது.

இவ்வளவு செய்து ஒரு பைசா நஷ்டமாவது இஸ்ரேலுக்கு உண்டா?

நாட்டுப் பொருளாதாரம் என்று பார்த்தால், நுகர்வோர் புறக்கணிப்பின் அடி மிகச் சிறியது. இஸ்ரேலின் ஏற்றுமதியில் பெரும்பங்கு மென்பொருள், மின்னணுக் கருவிகள், ஆயுதம், மருந்து, வைரம் போன்றவை. இவற்றை யாரும் பலசரக்குக் கடையில் வாங்குவதில்லை. அமெரிக்காவோ 2019 முதல் 2028 வரையிலான பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது.

தனி நிறுவனங்கள் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஜெருசலேம் இலகு ரயில் திட்டத்தில் பங்கு வைத்திருந்த பிரெஞ்சு நிறுவனமான வியோலியா, பல நகரங்களில் ஒப்பந்தங்கள் சிக்கலுக்குள்ளான பின் 2015இல் அந்தப் பங்கை விற்று வெளியேறியது. அமெரிக்காவின் பிரெஸ்பிடேரியன் திருச்சபை 2014இல் 310க்கு 303 என்ற வாக்கில் மூன்று நிறுவனப் பங்குகளை விலக்கியது. நார்வே அரசின் முதலீட்டு நிதி 2025 ஆகஸ்டில் கேட்டர்பில்லரையும் ஐந்து இஸ்ரேலிய வங்கிகளையும் கைவிட்டது. மறுபக்கமும் உண்டு. மேற்குக் கரைக் குடியேற்றங்களின் தங்குமிடங்களை நீக்குவதாக 2018 நவம்பரில் அறிவித்த ஏர்பிஎன்பி, வழக்குகளுக்குப் பின் 2019 ஏப்ரலில் பின்வாங்கியது. ஆக்கிரமித்த பகுதியில் ஐஸ்கிரீம் விற்க மாட்டோம் என்று பென் அண்ட் ஜெர்ரிஸ் 2021இல் சொன்னது; மறு ஆண்டே தாய் நிறுவனமான யூனிலீவர் இஸ்ரேல் வணிகத்தை உள்ளூர் உரிமதாரருக்கு விற்றுவிட, விற்பனை தொடர்ந்தது.

அங்கே வேலை செய்யும் பாலஸ்தீனர்களின் வயிற்றில் அடிப்பது ஆகாதா?

ஆகும், அதை மறைப்பதில் நியாயமில்லை. சோடாஸ்ட்ரீம் நிறுவனத்தின் ஆலை மேற்குக் கரையின் மிஷோர் அடுமிம் தொழிற்பேட்டையில் இருந்தது. நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் அதன் விளம்பரத்தில் நடித்ததால் எழுந்த சர்ச்சையில், 2014 ஜனவரியில் ஆக்ஸ்பாம் அமைப்பின் தூதர் பொறுப்பை விட்டார். அதே ஆண்டு ஆலையை இஸ்ரேலுக்குள் நெகேவ் பகுதிக்கு மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே வேலை செய்த சுமார் 500 பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தார்கள்; எஞ்சிய 74 பேருக்கு 2016இல் இஸ்ரேல் அரசு அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கவில்லை. இடமாற்றத்துக்குக் காரணம் வணிகமே என்றது நிறுவனம். வெற்றி என்றது இயக்கம். புதிய ஆலைக்கு அருகிலுள்ள ரஹத் நகரின் பெதுவின் மக்களுக்கு வேலை கிடைத்தது. 2018இல் பெப்சிகோ 320 கோடி டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது.

இந்த வேலைகள் ஏன் குடியேற்றங்களில் இருக்கின்றன என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1994இல் செய்துகொண்ட பாரிஸ் நெறிமுறை என்ற பொருளாதார ஒப்பந்தத்துக்குப் பின்னும் பாலஸ்தீனப் பகுதிகளின் சுங்கம், எல்லை, நாணயம் ஆகியவை இஸ்ரேலின் பிடியிலேயே இருக்கின்றன. சொந்தத் தொழில் வளர்வதற்கு இடம் மிகக் குறைவு. கூலி இழப்பவரின் துன்பமும் அந்த அமைப்பின் அநீதியும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை.

பாலஸ்தீனர்கள் எல்லோரும் இதை ஆதரிக்கிறார்களா?

இல்லை. பாலஸ்தீன அதிகாரசபையின் தலைவர் மஹ்மூத் அப்பாஸ், நெல்சன் மண்டேலாவின் இறுதி நிகழ்வுக்காக 2013 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா சென்றபோது, இஸ்ரேலைப் புறக்கணிப்பதை ஆதரிக்கவில்லை என்றும் குடியேற்றப் பொருள்களை மட்டும் புறக்கணிக்குமாறு கேட்பதாகவும் சொன்னார். 2010இல் அவருடைய நிர்வாகம் குடியேற்றப் பொருள்களின் விற்பனையைச் சட்டப்படி தடைசெய்திருந்தது. ஆனால் ஷெக்கல் நாணயத்தையும் இஸ்ரேல் வழியாக வரும் சரக்கையும் நம்பியிருக்கும் ஒரு சமூகத்தால் இஸ்ரேலிய வணிகத்தை முழுவதுமாக விட முடியாது.

தென்னாப்பிரிக்காவில் வென்றதே, இங்கே ஏன் வெல்லாது?

அங்கே வெல்ல எவ்வளவு காலமானது என்பதை முதலில் நினைக்க வேண்டும். நிறவெறி சட்டங்களாக இறுகுவதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒடுக்கப்பட்டதால், 1946இல் அந்நாட்டுடன் வணிகத்தை நிறுத்திய முதல் நாடு இந்தியா. லண்டனில் நுகர்வோர் புறக்கணிப்பு தொடங்கியது 1959இல். ஐ.நா.வின் கட்டாய ஆயுதத் தடை வந்தது 1977இல். அதிபர் ரீகனின் தடுப்பதிகாரத்தை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது 1986இல். மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தது 1990இல். உள்நாட்டுக் கிளர்ச்சியும் பனிப்போரின் முடிவும் இல்லாமல் புறக்கணிப்பு மட்டும் அதைச் சாதித்திருக்காது.

ஒப்புமையிலேயே சிக்கல்களும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பொருளாதாரம் கறுப்பினத் தொழிலாளரின்றி ஒருநாளும் ஓடாது; இஸ்ரேல் 2023 அக்டோபருக்குப் பின் பாலஸ்தீனத் தொழிலாளர் பெரும்பாலோரின் அனுமதியை நிறுத்திவிட்டு, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து கட்டுமானத் தொழிலாளர்களை வரவழைத்தது. இஸ்ரேலின் ஆட்சிமுறையை நிறவெறி என்று இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெமும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சும் 2021இலும், ஆம்னெஸ்டி 2022இலும் வகைப்படுத்தின. இஸ்ரேல் அரசும் அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நட்பு நாடுகளும் அதை மறுத்தன.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது யூத வெறுப்பா இல்லையா?

1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிகள் யூதர் கடைகளின் முன் நின்று, வாங்க வருபவர்களை மறித்தார்கள். அந்த நினைவுள்ள குடும்பங்களுக்கு ‘வாங்காதே’ என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்பதை உணராமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஜெர்மன் நாடாளுமன்றம் 2019 மே மாதம் பிடிஎஸ் இயக்கத்தின் வாதங்களும் வழிமுறைகளும் யூத வெறுப்பானவை என்று தீர்மானம் போட்டபோது அந்த நினைவையே சுட்டியது. மாறாக, 2021 மார்ச்சில் வெளியான ஜெருசலேம் பிரகடனத்தில், யூத வரலாற்றையும் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையின் வரலாற்றையும் ஆராய்கிற 200க்கும் மேற்பட்ட அறிஞர்கள், புறக்கணிப்பு தன்னளவில் யூத வெறுப்பாகாது என்று கையெழுத்திட்டார்கள்.

எங்கே கோடு தாண்டப்படுகிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஓர் இசைவிழா, அமெரிக்க யூதப் பாடகர் மத்திஸ்யாஹுவிடம் பாலஸ்தீன நாட்டை ஆதரித்து அறிக்கை தருமாறு கேட்டு, அவர் தராததால் நிகழ்ச்சியை ரத்து செய்தது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தது. 2014 ஆகஸ்டில் லண்டனின் ஒரு செயின்ஸ்பரிஸ் கிளையில், வெளியே நின்ற போராட்டக்காரர்களுக்கு அஞ்சி கோஷர் உணவுகளை அலமாரியிலிருந்து அகற்றினார்கள். அவை யூதர்கள் உண்ணும் உணவு என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவை. இஸ்ரேல் அரசின் செயலுக்காக உலகின் எந்த மூலையிலுள்ள யூதரையும் பதில் சொல்ல வைப்பது யூத வெறுப்புதான். ஆக்கிரமிப்பில் பங்குள்ள ஒரு நிறுவனத்தை வாடிக்கையாளர் கைவிடுவது அப்படியன்று. இது என் கருத்து.

உலகத்தில் எத்தனையோ அக்கிரமம் நடக்கிறது. இஸ்ரேலை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

பாதிக்கப்பட்டவர்களே கூடி அழைப்பு விடுத்திருக்கிறார்கள் என்பது ஒரு விடை. மேலை நாடுகளின் பணமும் ஆயுதமும் இதில் நேரடியாக இருக்கின்றன, ஆகவே அங்குள்ள குடிமக்கள் தங்கள் வரிப்பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது மற்றொன்று. ரஷ்யா மீது 2022க்குப் பின் விதிக்கப்பட்ட தடைகளை நினைத்தால், ‘மட்டும்’ என்பதும் பொருந்தவில்லை. ஆனாலும், வேறெந்த நாட்டின் கொடுமையும் கண்ணில் படாத ஒருவருக்கு இந்த ஒன்று மட்டும் படுகிறதென்றால், ஏன் என்று அவரிடம் கேட்கலாம்.

பேராசிரியரும் பாடகரும் என்ன பாவம் செய்தார்கள்?

கல்வி, கலைப் புறக்கணிப்புக்கான குழு பிடிஎஸ்ஸுக்கு ஓராண்டு மூத்தது. 2004இல் ரமல்லாவில் தொடங்கப்பட்டது. நிறுவனங்களைத்தான் புறக்கணிக்கிறோம், அடையாளத்துக்காகவோ கருத்துக்காகவோ தனிமனிதரை அல்ல என்பது அதன் நெறிமுறை. இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் 2013இல் ஜெருசலேம் மாநாடு ஒன்றிலிருந்து விலகினார். அமெரிக்க மானுடவியல் சங்கத்தில் 2016இல் 39 வாக்கில் தோற்ற தீர்மானம் 2023இல் பெரும்பான்மையுடன் நிறைவேறியது. ரேடியோஹெட் இசைக்குழுவோ எதிர்ப்பை மீறி 2017இல் டெல் அவீவில் பாடியது.

நெறிமுறை காகிதத்தில் தெளிவாக இருந்தாலும், பல்கலைக்கழகப் பணத்தில் மாநாட்டுக்கு வரும் ஆய்வாளர் தனிமனிதரா, நிறுவனப் பிரதிநிதியா என்ற இடத்தில் குழம்பிவிடுகிறது. இன்னொரு நெருடல்: போரை எதிர்த்து யூதர்களும் அரபுகளும் சேர்ந்து இஸ்ரேலுக்குள் நடத்தும் ‘ஸ்டாண்டிங் டுகெதர்’ அமைப்பையும், ஒடுக்குமுறையை இயல்பான ஒன்றாகக் காட்டுகிறது என்று சொல்லி, 2024 ஜனவரியில் அந்தக் குழு புறக்கணிக்கச் சொன்னது. தடியடி வாங்கிக்கொண்டு தெருவில் நிற்பவர்களை விலக்கி வைப்பதில் என்ன ஆதாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிப் பேசினால் சட்டப்படி மாட்டிக்கொள்வோமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரான்சில் பேரங்காடிகளில் பிரசாரம் செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கில், அது கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், இஸ்ரேலைப் புறக்கணிப்பவர்களுக்கு அரசு ஒப்பந்தமோ முதலீடோ கிடையாது என்ற வகைச் சட்டங்கள் உள்ளன. ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை எதிர்த்து ஒரு செய்தித்தாள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2023இல் விசாரணைக்கே எடுக்கவில்லை. இதன் உச்சம் 2017இல் டெக்சாஸின் டிக்கின்சன் நகரில் நடந்தது: புயலில் வீடு சேதமடைந்தவர்கள் நிவாரண நிதி கேட்டபோது, இஸ்ரேலைப் புறக்கணிக்க மாட்டேன் என்று உறுதி தரச் சொன்னது படிவம். எதிர்ப்புக்குப் பின் தனிநபர்களுக்கு அந்த வரி நீக்கப்பட்டது.

இஸ்ரேலில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, புறக்கணிக்க அழைப்பவர் மீது நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 2015இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை உறுதிசெய்தது. பாடகி லார்ட் 2017இல் டெல் அவீவ் நிகழ்ச்சியை ரத்து செய்ததற்குத் திறந்த மடல் எழுதிய இரு நியூசிலாந்துப் பெண்கள்தான் காரணம் என்று கூறி, ஜெருசலேம் நீதிமன்றம் ஒன்று அவர்களுக்கு எதிராக நட்டஈட்டுத் தீர்ப்பு வழங்கியது. வெளிநாட்டுப் புறக்கணிப்பாளர்களுக்கு நுழைவு மறுக்கும் திருத்தம் 2017 முதல் நடப்பிலுள்ளது.

கையில் இருக்கும் போனிலேயே இஸ்ரேல் சிப். பிறகு பேரீச்சம்பழத்தை விட்டு என்ன பயன்? பாசாங்கு இல்லையா?

ஹாக்கிங் விலகியபோது அவரிடமும் இதையே சொன்னார்கள்: உம்மைப் பேசவைக்கும் கணினியின் சிப்பே இஸ்ரேலில் வடிவமைத்ததுதான், முதலில் அதைக் கழற்றும் என்று. புறக்கணிப்பை ஆசாரமாகக் கொண்டால் இந்தக் கேலி செல்லும். தீட்டுப் படாமல் வாழ எவராலும் முடியாது. அதை ஒரு நிறுவனத்தின் முடிவை மாற்றுவதற்கான கருவியாகக் கொண்டால் செல்லாது, ஏனென்றால் மேலே பூமா பற்றிச் சொன்னதைப் போல, மாற்றக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அதன் வேலை.

தனிமனிதர் செய்வதை விட்டுவிடுங்கள், அரசுகள் ஏதாவது செய்திருக்கின்றனவா?

இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதியில் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்றும், அந்த நிலையை நீடிக்க உதவும் வணிகத்தையும் முதலீட்டையும் நாடுகள் தடுக்க வேண்டும் என்றும் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்து வழங்கியது. துருக்கி அதற்கு முன்பே, 2024 மே மாதம் நேரடி வணிகத்தை நிறுத்தியிருந்தது. கொலம்பியா அதே ஆண்டு நிலக்கரி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஸ்லோவேனியா 2025 ஆகஸ்டில் குடியேற்றப் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. இந்தியா எதிர்த்திசையில் செல்கிறது. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு, 1992இல் இஸ்ரேலுடன் முழு உறவு வைத்து, இன்று அதன் ஆயுதங்களை வாங்கும் முக்கிய நாடுகளில் ஒன்றாக இருக்கிறது. ஹைஃபா துறைமுகத்தில் 2023 முதல் அதானி குழுமத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்றாவது கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. அப்படியென்றால் நான் எதையும் புறக்கணிக்கக் கூடாதா?

புறக்கணிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். 2010இல் மேற்குக் கரையின் அரியேல் குடியேற்றத்தில் புதிய கலையரங்கம் திறந்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட இஸ்ரேலிய நாடகக் கலைஞர்கள் அங்கே நடிக்க மறுத்தார்கள். ஆமோஸ் ஓஸ், டேவிட் கிராஸ்மன் போன்ற எழுத்தாளர்கள் அவர்களை ஆதரித்தார்கள். இவர்களில் யாரும் தங்கள் நாட்டை வெறுத்தவர்களல்லர். அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியும் 2014இல் ஏறத்தாழ இந்த நிலையிலிருந்தே எழுதினார்: ஆக்கிரமிப்புக்கு எதிரான நடவடிக்கை சரி, அகதிகள் கோரிக்கைக்கு உலக ஆதரவு கிடையாது.

இரு தரப்பும் இந்தப் பாதி வழியை விரும்புவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். குடியேற்றத்தை மட்டும் ஒதுக்குவது, அதைக் கட்டி நிதியளிக்கும் அரசைத் தப்பவிடுகிறது என்பார்கள் பிடிஎஸ் தரப்பினர். மேலே சொன்ன 2011ஆம் ஆண்டு இஸ்ரேலியச் சட்டமோ ‘இஸ்ரேலின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதி’ என்று சேர்த்து எழுதியிருப்பதால், அரியேலில் நடிக்க மாட்டேன் என்று அறைகூவுபவரையும் முழு நாட்டையும் புறக்கணிக்கச் சொல்பவரையும் ஒரே பிரிவின் கீழ் வழக்குக்கு இழுக்க முடியும். ஆகவே யாரும் கேட்பதற்கு முன்பே, எதை, எந்தக் கோரிக்கைக்காக, எதுவரை விடுகிறீர்கள் என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.